வீட்டைக் காட்டாத மனிதர்

செத்துப்போனவர்மேல் கோபப்படக்கூடாது என்கிறாள் என் வீட்டுக்காரி. செத்துப்போனதால்தான் கோபம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது? உயிரோடு இருந்தால் நேரே போய்ச் சட்டையைப் பிடித்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். அப்புறம் ஒரு டீ குடித்திருப்போம். முடிந்திருக்கும்.

அவர் பெயரைச் சொல்ல மாட்டேன். குடியை விட நினைக்கிறவர்கள் கூடுகிற கூட்டத்தில் அதுதான் முதல் சட்டம். கூப்பிட ஒரு பெயர் போதும். ஊர், சாதி, உத்தியோகம், வீடு எதையும் கேட்கக்கூடாது. வெளியே எதிர்ப்பட்டால் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக்கூடாது. அந்தச் சட்டம் இல்லாவிட்டால் நான் அந்த வாசலை மிதித்திருக்கவே மாட்டேன். அந்தச் சட்டத்தின்மேலும் எனக்குக் கோபம்தான்.

நான் தூத்துக்குடிப் பக்கத்துக்காரன். பத்தொன்பது வயதில் மாமா ஒருவர் வங்காளத்துக்குக் கூட்டிவந்து கிதிர்பூர் டாக்கில், கப்பல் துறையில், கலாசியாகச் சேர்த்துவிட்டார். கிரேன் கொக்கியில் வடத்தை மாட்டுகிற, அவிழ்க்கிற வேலை. பள்ளிக்கூடம் போனதில்லை. வங்காளியும் ஹிந்தியும் வாயில் புரளும், எழுத்து மட்டும் எந்த பாஷையிலும் கிடையாது. குடி பெஹாலாவில், ஒரே அறை. 'குடி' என்று நான் குடியிருப்பைத்தான் சொல்கிறேன். மற்றக் குடி எல்லா இடத்திலும் இருந்தது.

தொண்ணூற்றாறில் ஆஸ்பத்திரியில் ஈரல் வீங்கிப் படுத்திருந்தபோது பக்கத்துக் கட்டில்காரன் சொன்னான். டாக்குரியா ஸ்டேஷனுக்குப் பின்னால், சின்னப் பிள்ளைகள் பள்ளிக்கூடம், செவ்வாயும் சனியும் சாயங்காலம் ஆறு மணி. போர்டு கிடையாது என்றான். இருந்தால் மட்டும் படித்துவிடப் போகிறேனாக்கும். மாஜெர்ஹாட்டில் ரயில் ஏறி பாலிகஞ்சில் மாறி, டாக்குரியாவில் இறங்கி ஒரு டீக்கடையில் வழி கேட்கப் போனேன். நான் வாயைத் திறக்கவில்லை. டீக்கடைக்காரன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, சாராயக் கடை இருந்த சந்தைக் கைகாட்டினான். அங்கேயே போய்விட்டு வீடு திரும்பினேன்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தேன். உள்ளே போகவில்லை. அதற்கடுத்த வாரமும் சந்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். மூன்றாவது வாரம் ஒரு கல் தடுக்கி, "எளவு!" என்று சொல்லிக்கொண்டு விரலைப் பிடித்தேன்.

"மூணு வாரமா இந்தச் சந்தை அளந்துண்டிருக்கேளே, கார்ப்பரேஷனா?"

கேட்டின் உள்ளே நின்றிருந்தார். ஒல்லி, உயரம், கண்ணாடி, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. என்னைவிட ஏழெட்டு வயது சின்னவராக இருப்பார்.

"இல்ல சார், சும்மா இந்தப் பக்கம்…"

"காரணத்தை உள்ள வந்து சொல்லுங்கோ."

எந்த ஊர் என்று கேட்கவில்லை. எப்போதிலிருந்து குடிக்கிறாய் என்றும் கேட்கவில்லை. எல்.கே.ஜி. பெஞ்சு ஒன்றைக் காட்டினார். உட்கார்ந்தால் முழங்கால் தாடையில் இடித்தது. பத்துப் பன்னிரண்டு பேர் அப்படித்தான் மடங்கி உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகையில் யாரோ டீச்சர் வரைந்த வாத்து. அதை அழிக்க அவர் யாரையும் விட்டதில்லை. "குழந்தைகள் நாளைக்கு வந்து தேடும்" என்பார்.

முதல் மாதம் நான் பேசவில்லை. மற்றவர்கள் வங்காளியில் எல்லாவற்றையும் கொட்டினார்கள். எனக்கு வங்காளியில் மீன் வாங்க வரும், சண்டை போட வரும். என் மகள் என்னைக் கண்டு கட்டிலுக்கடியில் ஒளிந்ததை வங்காளியில் சொல்ல வரவில்லை. "தமிழ்லயே சொல்லுங்கோ" என்றார் அவர். சொன்னேன். கால் மணி நேரம் ஆயிற்று. அவரைத் தவிர ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை, ஒருத்தரும் அசையவில்லை. முடித்ததும், என்ன சொன்னார் என்று ஒருவர் அவரிடம் கேட்டார். "சொன்னவர் கேட்டுண்டார். போதும்" என்று வங்காளியில் பதில் சொன்னார்.

நல்லவர் என்று நினைத்துவிடாதீர்கள். கடுகடுப்பான மனிதர். தோளைத் தட்டுவது, கண்ணைத் துடைப்பது எதுவும் கிடையாது. மண் குவளையில் டீ வரும். தினமும் முகம் சுளித்துக்கொண்டே குடித்து, "இதுக்குப் பேர் டீயா?" என்று டீக்காரனிடம் சண்டை பிடிப்பார். சனிக்கிழமைகளில் அவர் பக்கத்தில் புதிதாக அரைத்த காப்பிப்பொடி கால் கிலோ பொட்டலம் இருக்கும், அறையே மணக்கும். ஒருவருக்கும் ஒரு தடவைகூட அந்தக் காப்பியைப் போட்டுக் கொடுத்ததில்லை. வீட்டுக்குக் கூப்பிட்டால்தானே கொடுக்க முடியும்.

ஆனால் எங்கள் எல்லாருடைய வீடும் அவருக்குத் தெரியும். அதுதான் அவருடைய குணம், அவருடைய வியாதி, எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். யாராவது ஒரு கூட்டத்துக்கு வரவில்லையென்றால் மறுநாள் அவர் வாசலில் நிற்பார். எப்படித்தான் விலாசம் பிடிப்பாரோ. வீட்டைக் கேட்கக்கூடாது என்ற சட்டத்தை எங்களுக்குப் படித்துக் காட்டியவரே அவர்தான்.

ஒரு மழைக்காலத்தில் பெஹாலா முழுவதும் முழங்கால் தண்ணீர். நான் கூட்டத்துக்குப் போகவில்லை. என் வீட்டுக்காரி ஓடிவந்து எழுப்பினாள்.

"எந்திரிங்க. யாரோ பெரிய ஆபீசர் வந்திருக்காவ. டாக்குல என்னத்தச் செஞ்சி தொலச்சிய?"

பேண்டைத் தொடைவரை சுருட்டி, ஒரு கையில் ஷூவும் ஒரு கையில் குடையுமாக நின்றிருந்தார். கழுத்தில் டை.

"தண்ணியப் பாத்தீங்கல்லா சார்? இதுல எப்படி…"

"நானும் அதுலதான் வந்தேன். செருப்பைக் கைல எடுத்துக்கோங்கோ. காரணத்தை அங்க வந்து சொல்லுங்கோ."

எதிர்வீட்டு வங்காளிச் சித்தி, காக்கிமா என்போம், ஜன்னலில் தலையை நீட்டி, உன் தம்பியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றிலிருந்து அவர் என்னை அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தார். எங்கள் பக்கத்துச் சொல் என்று என் வீட்டுக்காரியிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அவர் வாயில் அது ஏதோ பேங்க் பதவி மாதிரி கேட்கும்.

ஜாதவ்பூர் கம்பவுண்டர் ஒருவர் கதவைத் தாழ்போட்டுக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தார். இவர் கதவுக்கு வெளியே தரையில் உட்கார்ந்து ஆங்கிலப் பேப்பரைச் சத்தமாகப் படித்தாராம். கல்யாண விளம்பரம், காணவில்லை அறிவிப்பு, சணல் விலை, டாக்காவில் மழை. மூன்று மணி நேரம். அந்தக் கம்பவுண்டர் கதவைத் திறந்து, "போதும், வரேன், அந்தப் பேப்பரை மட்டும் மடிச்சு வைங்க" என்று அழுதாராம்.

இப்படிப்பட்டவரின் வீடு எங்கே என்று எங்களில் ஒருத்தருக்கும் தெரியாது. கூட்டம் முடிந்ததும் எங்களையெல்லாம் அனுப்பிவிட்டு அவர்தான் அறையைப் பூட்டுவார். ஒருவரிடம் டாக்குரியா என்பார், இன்னொருவரிடம் லேக் பக்கம் என்பார். பேங்கில் ஆபீசர், ஒரு பெண் இருக்கிறாள், கல்யாணத்துக்குப் பார்க்கிறார்கள். எட்டு வருடமாக ஒரு சொட்டுத் தொடவில்லை. அவ்வளவுதான் தெரியும்.

இரண்டாயிரத்து இரண்டில் நான் சறுக்கினேன். விஸ்வகர்மா பூஜை அன்று. டாக்கில் அந்த நாள் எப்படியென்று வெளியாட்களுக்குத் தெரியாது. கிரேனுக்கு மாலை, லேத்துக்கு மாலை, கொக்கிக்குக் குங்குமம். வானம் முழுக்கப் பட்டம். காலையில் பூஜை, மதியம் கிச்சுடிச் சோறு, அப்புறம் புட்டி. ஆறு வருடம் அந்த நாளில் லீவு போட்டுத் தப்பியவன், அந்த வருடம் என்ன கெட்டிக்காரத்தனமோ, போனேன். மூன்று மணிக்கு டாக் கேட்டில் ஒரு லாரியின் பின்னால் தொங்கிக்கொண்டு பாடிக்கொண்டிருந்தேனாம்.

அவர் எப்படி வந்தாரோ. அன்று செவ்வாய், பேங்க் உண்டு. சட்டைக் காலரைப் பிடித்து என்னை இறக்கினார்.

"மணி ஆறு ஆறதுக்குள்ள டாக்குரியா போகணும். நடங்கோ."

நான் அவரை அறைந்தேன். கேட்டுக்கு முன்னால், அத்தனை பேர் பார்க்க. கண்ணாடி தெறித்துத் தார்ரோட்டில் விழுந்தது. குனிந்து எடுத்தார், ஒரு கண்ணில் கண்ணாடிச் சில்லு இல்லை. அப்படியே மாட்டிக்கொண்டார்.

"ஆச்சா? இப்ப நடங்கோ."

என்னைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரிக்‌ஷா நிற்கும் இடம் வரை இழுத்துக்கொண்டு போனார். அன்று கூட்டத்தில் என் வாயிலிருந்து வந்த நாற்றத்துக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். அதன்பிறகு இன்றுவரை நான் தொடவில்லை.

காளி பூஜை முடிந்து ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. சாவியும் அவரிடம்தான். பள்ளிக்கூடக் காவல்காரன் மாற்றுச் சாவி போட்டுத் திறந்தான். செவ்வாய் வரவில்லை. பெண் கல்யாண வேலையாக இருக்கும் என்றார்கள். மறுவாரம் காய்ச்சலாக இருக்கும் என்றார்கள். ஐந்து வாரம் போயிற்று. எங்களில் மூத்தவர் ஒருவர், எல்லாருக்கும் பொடோதா, பெரியண்ணன். அவரிடம் கேட்டேன்.

"தேடிப் போக வேண்டாமா, பொடோதா?"

"அவர் வீட்டைச் சொல்லவில்லை. சொல்ல விருப்பமில்லை என்று அர்த்தம். அதை நாம் மதிக்கணும்."

"எங்க வீட்டுக்கெல்லாம் அவர் எங்களைக் கேட்டுக்கிட்டா வந்தாரு?"

அறையே என்னைத் திரும்பிப் பார்த்தது. பொடோதா கண்ணாடியைத் துடைத்தார். சட்டம் என்றால் சட்டம் என்றார். நீயும் உன் சட்டமும் என்று தமிழில் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

காப்பிப்பொடி ஞாபகம் வந்தது. லேக் மார்க்கெட்டில் நம் ஆட்கள் கடை. அரைக்கிற இடத்தில் நின்ற ஆளிடம், பெயர் தெரியாமல் ஒருவரை விசாரித்தேன்.

"ஒசரமா, கண்ணாடி போட்டிருப்பாரு. சனிக்கிழம கால் கிலோ. எதுக்கெடுத்தாலும் சண்ட போடுவாரு."

"சிக்கரி ஒரு சிட்டிகை விழுந்தாலும் மோந்து பாத்துச் சொல்லிடுவாரே, அவரா? இப்பல்லாம் மச்சினன்தான் வந்து வாங்கிண்டு போறார். லேக் கார்டன்ஸ், ரயில்வே கேட் தாண்டி மூணாவது வீடு, மாடி."

மார்கழி தொடங்கிவிட்டது. குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக மாடி ஏறினேன். கதவில் பித்தளைப் பலகை, அதில் பெயர். எனக்குப் படிக்கத் தெரியாது. அதனால் அவருடைய முழுப்பெயர் இன்றுவரை எனக்குத் தெரியாது.

மணியை அடித்தேன். அவர் மனைவியாக இருக்கும், ஒரு அம்மாள் கதவைத் திறந்தார். பட்டுப்புடவை. என்னை ஏற இறங்கப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். யாரென்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே கூடத்தில் நாலைந்து பேர், தாம்பாளம், வெற்றிலை பாக்கு. சம்பந்தி வீட்டுக்காரர்கள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் எங்கள் டாக் ஆபீசின் பெரிய அதிகாரி. இருபது வருடம் நான் சலாம் போட்ட முகம்.

"யாரு?" என்றார் அதிகாரி.

அந்த அம்மாள் ஒரு மூச்சு வாங்கவில்லை. "பிளம்பர். பாத்ரூம்ல குழாய் ஒழுகறது. இப்பதான் வர நேரம் பாரு" என்றார். கண் மட்டும் என்னைக் கெஞ்சியது.

அதிகாரி என் முகத்தைப் பார்க்கவில்லை. இருபது வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அன்று மட்டும் ஏன் பார்க்கப்போகிறார். நான் பாத்ரூமுக்குள் போனேன். ஒழுகாத ஒரு குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில், "நான் காமிக்கிறேன்" என்று ஐந்து வாரமாக நான் தேடிய மனிதரின் குரல் கேட்டது. உள்ளே வந்து கதவை ஒருக்களித்துவிட்டுக் குழாயை முழுக்கத் திறந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அவர் வாயிலிருந்து அந்த வாசனை. எனக்கா தெரியாது.

"ஏன் வந்தேள்?"

"நீங்க ஏன் வரல?"

"மெதுவாப் பேசுங்கோ. வெளில இருக்காரே, மாப்பிள்ளைக்குச் சித்தப்பா. டாக் கேட்ல நீங்க என்னை அடிச்சதைப் பாத்துட்டார். ஒரு குடிகாரனோட கட்டிப் புரண்டேளே, யார் அவன்னு பொண்ணு பார்க்க வந்த எடத்துல கேட்டார். இவ ஆடிப்போய்ட்டா. கல்யாணம் முடியறவரைக்கும் அந்தக் கூட்டத்துப் பக்கம் போகப்படாதுன்னு பொண்ணு தலைல கைவச்சுச் சத்தியம் வாங்கிண்டா."

"சரி. இது?" என்று அவர் வாயைக் காட்டினேன்.

"கூட்டம் இல்லாம ரெண்டு வாரம்தான் தாங்கித்து. மச்சினன் வாங்கிண்டு வரான். ஆத்துக்குள்ளயே, கதவைச் சாத்திண்டு. யாருக்கும் தெரியாது. கை நடுங்கினா வரவா போறவா கேப்பா இல்லியோ, அதுக்காகக் கொஞ்சம்."

"குடிய விடப் போனா மானம் போவுது. வீட்டுக்குள்ள குடிச்சா போவலயா? என்ன மனுசங்க சார் நீங்கள்லாம்?"

"அண்ணாச்சி, இன்னும் நாப்பது நாள்."

"நாப்பது நாளுன்னு நான் சொல்லியிருந்தா நீங்க விட்டுருப்பியளா?"

கண்ணாடியைக் கழற்றிக் குழாயில் கழுவினார்.

"விட்டிருக்க மாட்டேன்" என்றார். "ஆனா நீங்க விட்டுடுங்கோ. எனக்கு ஒரே பொண்ணு."

கூடத்துக்கு வந்தேன். அந்தப் பெண் காப்பித் தட்டோடு நின்றிருந்தாள். அப்பாவின் அதே மூக்கு. அவளுக்கும் நான் யாரென்று தெரிந்திருந்தது. நான் அவரைக் காலரைப் பிடித்து இழுத்திருக்க வேண்டும். இவர் எட்டு வருடம் குடிக்காத மனிதர், இப்போது நீங்கள் எல்லாரும் சேர்ந்து ஊற்றிக்கொடுக்கிறீர்கள் என்று கத்தியிருக்க வேண்டும். அந்த அதிகாரி எழுந்து போயிருப்பார், கல்யாணம் நின்றிருக்கும், அந்த அம்மாள் என்னைச் சபித்திருப்பார்.

"என்னப்பா, ஆச்சா?" என்றார் அதிகாரி.

"வாஷர் போயிருக்கு சார். சாமான் வாங்கிட்டு வாரேன்" என்றேன்.

படி இறங்கினேன். கூட்டத்தின் சட்டத்தை அன்று ஒழுங்காகக் காப்பாற்றியவன் நான்தான். பொடோதாவிடம் சொன்னபோது, சரியாகச் செய்தாய் என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கையை உதறினேன்.

மறுவாரம் போனேன், பூட்டு. கல்யாணத்துக்கு எல்லாரும் மெட்ராஸ் போய்விட்டார்களாம். மாசி பிறந்தபிறகு காப்பிக் கடையில்தான் சேதி கேட்டேன். கல்யாணம் அமோகமாக நடந்ததாம். ஒன்பதாம் நாள் அவர் போய்ச் சேர்ந்துவிட்டாராம்.

"ஹார்ட் அட்டாக்காம்" என்றார் காப்பி அரைப்பவர். "என்ன ஒழுக்கமான மனுஷர்! குடியா, சிகரெட்டா, ஒண்ணு கிடையாது. அவருக்குப் போய் இப்படி."

நான் அந்தக் கடை வாசலில் நின்று சிரித்தேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். ரத்தமாக வாந்தியெடுத்தாரா, மஞ்சளாகிப் போனாரா, யார் சொல்லப்போகிறார்கள்? குடித்ததை மறைத்தார்கள், சரி, ஊர் உலகத்தில் நடப்பதுதான். அவர் குடியை விட்டதையும் சேர்த்தல்லவா மறைத்துவிட்டார்கள். அந்த மனிதர் உயிரைக் கொடுத்துச் செய்த பெரிய காரியம் அது ஒன்றுதான். பேங்க் வேலையும் காப்பிப்பொடியும் யாருக்கும்தான் வாய்க்கும். எட்டு வருடம் யாருக்கு வாய்க்கும்? அதைச் சொல்ல அவர் வீட்டில் ஒரு நாக்கு இல்லை. எங்களுக்குச் சட்டம். அவருக்குத் தலையில் அடித்த சத்தியம். மயிரு சத்தியம்.

அவர்மேலும்தான் கோபம். பன்னிரண்டு வீட்டு வாசலை மிதித்த மனிதர், தன் வாசலை ஒருத்தருக்குக் காட்டியிருந்தால் என்ன? ஒரே ஒருத்தருக்கு. முதல் வாரமே போயிருப்பேன். ஐந்து வாரம் கழித்து, பிளம்பராகப் போய் நின்றேன்.

இப்போது நான் ரிட்டையராகி நாலு வருடம் ஆகிறது. செவ்வாயும் சனியும் போகிறேன். புதிதாக யார் வந்தாலும் கூட்டம் முடிந்ததும் அவர்கூடவே நடப்பேன், பஸ்ஸானாலும் ரயிலானாலும். பொடோதா இரண்டு தரம் எல்லார் முன்னாலும் என்னைக் கண்டித்தார். என்னை வெளியே அனுப்பணுமா என்று ஒரு கூட்டமே போட்டுப் பேசினார்கள். அனுப்புங்கள், சந்தில் நின்றுகொள்கிறேன் என்றேன்.

போன சனிக்கிழமை கஸ்பா பக்கத்துத் தையல்காரர் ஒருவர் வந்தார். இரண்டாவது கூட்டம். ரயில்வே லைனைத் தாண்டி நடக்க நடக்க நானும் பின்னால் நடந்தேன். மழை தூறியது. ஒரு முக்கில் நின்று திரும்பினார். வங்காளியில் கத்தினார்.

"அண்ணா, போலீஸா நீங்க? வீட்ல தெரிஞ்சா என் சம்சாரம் கிழிச்சிடுவா. திரும்பிப் போங்க."

"போறேன்."

"போறேன்னு சொல்லிட்டு நிக்கிறீங்களே!"

"உன் கதவு எதுன்னு மட்டும் காட்டு. உள்ள வரல. மணியடிக்கல. பாத்துட்டுப் போயிடறேன்."

என்னை முறைத்துப் பார்த்தார். நானும் முறைத்தேன். எனக்குக் கால் வலி. ஆனாலும் நின்றேன். தூறல் கனத்தபிறகு, வாய்க்குள் ஏதோ கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு, எதிர்ச்சந்தில் பச்சை வர்ணம் உரிந்த ஒரு கதவை நோக்கிக் கையை நீட்டினார்.